நான்காவது வயர்

நான் வேலை பார்த்த கராஜில் இப்போது இருப்பவர்கள் புதிதாக ஒரு கருவி வாங்கியிருக்கிறார்கள். உள்ளங்கை அளவுதான். வண்டியில் செருகினால் பிழை எங்கே என்று எண்ணாகக் காட்டிவிடும். அதைக் காட்டுவதற்காகவே ஒரு நாள் நான் இருக்கும் கெலிஓயாவுக்கு வந்து என்னைக் கூட்டிப்போனார்கள். நல்ல கருவி. ஆனால் நம் பக்கத்தில் ஓடும் ட்ரயல் வண்டிகளில் பலவற்றில் அதைச் செருகுவதற்கு இடமே இல்லை. அவற்றைப் பழைய முறையில்தான் பார்க்க வேண்டும். "பாஸ், நீங்க பிழை பார்க்கிற ஒழுங்கை ஒருக்கா எழுதித் தாங்களேன்" என்று கேட்டார்கள்.

எழுதுகிறேன். அது நல்ல ஒழுங்கு. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. முப்பத்தொரு வருடத்தில் அதை ஒரே ஒரு முறை மீறினேன். அதையும் எழுதாமல் மற்றதை மட்டும் எழுதினால் நான் எழுதியது பொய்யாகிவிடும்.

ட்ரயல் என்பது மோட்டார் சைக்கிள் பந்தயம்தான், ஆனால் வேகப் பந்தயம் அல்ல. பாறையும் ஓடையும் மரவேரும் உள்ள இடத்தில் நாடா கட்டி வழி குறித்திருப்பார்கள். அந்த வழியைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஊன்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. குறைந்த புள்ளி எடுத்தவர் வெல்வார். ஓட்டுபவர் நின்றபடியே ஓட்டுவதால் வண்டியில் இருக்கை என்று சொல்ல ஒன்றும் இராது. நான் பார்த்தவற்றில் பற்றரியும் இல்லை. எஞ்சின் சுழலும்போது அதன் பக்கவாட்டில் உள்ள சுருள் மின்சாரம் உண்டாக்கும். ஒரு சிறிய கறுப்புப் பெட்டி அதைச் சேர்த்து வைத்துச் சரியான கணத்தில் பிளக்குக்கு விடும். பிளக்கில் பொறி விழும். சின்ன விசிறி ஒன்றையும் லைட்டையும் விட்டால் இவ்வளவுதான் முழு மின்சாரமும். இவ்வளவு சின்னதாக இருப்பதால் பிழை பார்ப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒளிந்துகொள்ள இடம் குறைந்த வீட்டில் ஒளிந்தவனைத் தேடிப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

முதலில் பிளக்கைக் கழற்றி எஞ்சின் உலோகத்தில் ஒட்டிப் பிடித்து உதைத்துப் பாருங்கள். பொறி நீலமாகத் தடித்து விழுந்தால் பெற்றோல் பக்கம் போங்கள். மெல்லிய மஞ்சளாக விழுந்தாலோ, விட்டு விட்டு விழுந்தாலோ பிளக் மூடியைத் திருகிக் கழற்றி, தடித்த வயரின் நுனியில் விரல் நக அளவு வெட்டிவிட்டுப் புதிய செம்பில் திருகுங்கள். ஓடையில் இறங்கும் வண்டிகளில் பாதிப் பிழை அங்கேயே தீர்ந்துவிடும். பொறியே விழவில்லை என்றால் கயிற்றுச் சுவிட்சின் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி உதையுங்கள்.

இந்தக் கயிற்றுச் சுவிட்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைப்பிடியில் ஒரு காந்த மூடி ஒட்டியிருக்கும். அதிலிருந்து வரும் கயிறு ஓட்டுபவரின் மணிக்கட்டில் கட்டியிருக்கும். அவர் விழுந்தால் கயிறு இழுபட்டு மூடி கழன்றுவிடும். கழன்றதும் பெட்டியின் மின்சாரம் ஒரு வயர் வழியாக வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு, அதாவது எர்த்துக்கு, ஓடிவிடும். பொறி நிற்கும், எஞ்சின் அணையும். அந்த ஒரு வயர் எங்காவது தோல் உரிந்து சட்டத்தில் பட்டாலும் இதேதான் நடக்கும். யாரும் கயிற்றை இழுக்காமலே எஞ்சின் அணையும். ஆகவே பொறி இல்லாத வண்டியில் அந்த வயரைக் கழற்றிப் பார்ப்பது சரியான சோதனை. சோதனை முடிந்ததும் திரும்ப மாட்ட வேண்டும்.

என் அப்பா கம்பளைப் பக்கத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். என்னைக் கண்டியில் விட்டுப் படிப்பித்தார். உயர்தரத்தில் பௌதிகம் நன்றாக வந்தது, பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் இருந்த ஒரு கராஜின் மின்சாரப் பகுதியில் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் மடவளை ஊர்க்காரர் ஹனிபா; அண்ணன் என்ற முறையில் எல்லோரும் அவரை நானா என்போம்.

நானா குள்ளமானவர். கிறீஸ் படியும் இடத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்து, மாலையில் அதே வெள்ளையோடு பஸ் ஏறுவார். மின்சாரம் அளக்கும் மீற்றரை அவர் தொட்டு நான் கண்டதில்லை. வயர்க்கட்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்து, மணி உருட்டுவது போல உருட்டிக்கொண்டே போவார். ஓரிடத்தில் நிற்பார். "இங்க முறிஞ்சி ஈக்குது" என்பார். வெட்டிப் பார்த்தால் தோல் முழுதாக இருக்கும். உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

நான் மீற்றரும் கையுமாக நிற்பதைக் கண்டால் அவருக்கு வாய் சும்மா இராது.

"நீ படிச்ச ஆளு. மீற்றருக்கு உன்னைக் கண்டா மரியாதை. நீ எதக் கேக்கிறியோ அதத்தான் அது செல்லுது. நீ கேக்காதத அது செல்லாது, வெளங்கிச்சா?"

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் "சரியாகிட்டா?" என்று அவர் கேட்க மாட்டார். வண்டியின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "செல்லு" என்பார்; சொல்லு என்பது அவர் வாயில் அப்படித்தான் வரும். சோதனைக்காக எதையெதைக் கழற்றினோமோ அதையெல்லாம் கழற்றிய ஒழுங்கிலே ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுச் சொல்ல வேண்டும். "பிளக் மூடி, மாட்டியாச்சு. எர்த் ஆணி, இறுக்கியாச்சு." அவர் விரல் மடிப்பார். பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பது போல இருக்கும். கராஜில் அதற்குப் பெயரே ஒப்புவிப்புத்தான். பக்கத்தில் டயர் மாற்றுபவர்கள், "என்ன பாஸ், பாடமாக்கிட்டீங்களா? பிரம்பு எடுக்கவா?" என்று கேலி செய்வார்கள். தலை நரைத்தவர்களும் ஒப்புவித்தார்கள். ஒரு தரமும் அவர் வந்து சரிபார்த்தது கிடையாது. சொன்னால் சொன்னதுதான். இந்த ஏற்பாடு முழுவதும் சொல்பவனின் வாயை நம்பி நின்றது.

நான் கெட்டிக்காரன் என்று பெயரெடுக்க அதிக காலம் ஆகவில்லை. பேராதனையிலிருந்து ஒரு வண்டி வந்தது. மூன்று இடங்களில் காட்டி, பெட்டி மாற்றி, சுருள் மாற்றி, ஓடாமலே வந்த வண்டி. விற்பதற்காகச் சட்டத்துக்குப் புதிதாகப் பச்சை நிறம் அடித்திருந்தார்கள். எர்த் ஆணியைக் கழற்றினேன். ஆணியின் கீழும் பச்சை, மின்சாரம் சட்டத்துக்குப் போக வழியில்லை. பிளேடால் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்ததும் மாட்டி ஒரு உதை உதைத்தேன், ஓடியது. பத்து நிமிட வேலை. நானா "நல்லம்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு சொல் யாருக்கும் கிடைத்ததில்லை. அன்றிலிருந்து ட்ரயல் வண்டி என்றால் என் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

அப்படித் தேடி வந்தவர்களில் ஒருவர் சந்திரமோகன். மடுல்கெல்லயில் கணித ஆசிரியர். எல்லோருக்கும் மோகன் சேர். அப்போது கல்யாணமாகி நான்கு மாதம். மெல்லிய உடம்பு. பாறை மேல் வண்டியோடு நின்றால் காற்றில் நிற்பது போல் இருக்கும். அந்த வருடம் தோட்டமொன்றின் ஓடையில் நடக்கவிருந்த போட்டியில் முதலாவதாக வந்தால், வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் வாய்ப்பு அவருக்கு இருந்தது.

"ஓடிக்கிட்டே இருக்கும்போது பட்டுனு நிக்கிது பாஸ்" என்றார். "கொஞ்ச நேரம் விட்டுட்டு உதைச்சா மறுபடி ஓடுது. பேய் புடிச்ச மாதிரி."

சூட்டில் நின்று ஆறினால் ஓடும் வண்டியென்றால் சுருள்தான். படித்தவன் அப்படித்தான் நினைப்பான். சுருளைக் குளிரில் அளந்தேன், சூட்டில் அளந்தேன். சூட்டில் எண் கொஞ்சம் விலகியிருந்தது. எனக்கு அது போதும். நானா வந்து கைப்பிடிக்குக் கீழே, சட்டத்தின் கழுத்தில் போகும் வயர்க்கட்டை இரண்டு தரம் உருட்டிப் பார்த்தார்.

"கழுத்தப் பாரு. ட்ரயல் வண்டிக்குக் கழுத்துத்தான் வேல செய்றது."

"நானா, மீற்றர் சுருள்னு காட்டுது."

"ஹேண்டில நேரா வச்சித்தானே அளந்தாய்?"

நேராக வைத்துத்தான் அளந்திருந்தேன். இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சுருள்தான் நானா, நான் பொறுப்பு" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். வேறு சுருள் போட்டேன். முற்றத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டேன். நிற்கவில்லை. எல்லோர் முன்னாலும் பெருமையாக ஒப்புவித்தேன்.

போட்டியன்று கராஜ் வேனில் நானாவும் நானும் போனோம். காலை வெயில் ஏறியிருந்தது. மோகன் சேர் ஓடைக் கரையில் வண்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய கல்லைச் சுற்றி இடது பக்கம் கைப்பிடியை முழுவதுமாகத் திருப்பினார். பட்டென்று எஞ்சின் நின்றது. தள்ளிக்கொண்டு வந்தார்.

"அதே வருத்தம்தான் பாஸ்."

நானா மேலே வேனடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை ஒரு மரத்தின் பின்னால் கொண்டுபோனேன். பிளக் மூடி, விசிறி வயர், லைட் வயர், கயிற்றுச் சுவிட்ச் வயர் என்று நான்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். நான்காவதைக் கழற்றியதும் பிளக் மூடியை மட்டும் மாட்டி எஞ்சினை ஓடவிட்டுக் கைப்பிடியை இடது பக்கம் முழுவதும் திருப்பினேன். நிற்கவில்லை. ஐந்து தரம் திருப்பினேன். நிற்கவில்லை.

உடனே முழுவதும் விளங்கியது. கைப்பிடி முழுதாகத் திரும்பும்போது, கழுத்தில் தோல் தேய்ந்த வயர் சட்டத்தில் படுகிறது. நேராகினால் விலகிவிடுகிறது. மோகன் சேர் வண்டி நின்ற பிறகு கைப்பிடியை நேராக்கித் தள்ளுவார், பிறகு உதைப்பார், ஓடும். சூடும் இல்லை, சுருளும் இல்லை. நானா விரலால் கண்ட இடத்தை நான் மீற்றரால் காணாமல் விட்டிருந்தேன்.

புது வயர் இழுக்க முக்கால் மணி நேரம் வேண்டும். அவருடைய இலக்கத்தைக் கூப்பிடப் பன்னிரண்டு நிமிடம்தான் இருந்தது. சரியான வழி ஒன்றிருந்தது. நானாவிடம் போய், "நீங்க சொன்னதுதான், கழுத்துத்தான்" என்று சொல்லியிருக்கலாம். ஏற்பாட்டாளர்களிடம் நேரம் கேட்டிருப்பார். கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். இரண்டு பேர் முன்னால் 'நான் பொறுப்பு' என்று சொன்ன வாயால் அதைச் சொல்ல எனக்கு முடியவில்லை. பின்னேரம் யாருக்கும் தெரியாமல் வயரை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். விசிறி வயரையும் லைட் வயரையும் மாட்டினேன். நான்காவதை மாட்டாமல், வெளியே தெரியாதபடி வயர்க்கட்டைச் சுற்றிய நாடாவுக்குள் சொருகிவிட்டேன்.

நானா இறங்கி வந்தார். முக்காலி இல்லாததால் ஒரு கல்லில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

"செல்லு."

"பிளக் மூடி, மாட்டியாச்சு. விசிறி வயர், மாட்டியாச்சு. லைட் வயர், மாட்டியாச்சு." நான்காவதற்கு முன்னால் மூச்சு விடும் இடைவெளிகூட விடவில்லை. "கயிற்று வயர், மாட்டியாச்சு."

நான்கு விரல் மடிந்தது.

"என்ன பிழை?"

"பிளக் மூடி தளர்ந்திருந்தது நானா."

கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார்.

இன்னொன்றும் செய்தேன். மோகன் சேர் இடையில் எஞ்சினை நிறுத்திப் பார்த்தால் நிற்காது; அப்போது தெரிந்துவிடும். "சேர், ஆற விடாதீங்க. ரெண்டு வழி முடியும் வரைக்கும் நிப்பாட்டாம ஓடவிட்டே வச்சிருங்க" என்று சொன்னேன்.

"சரி பாஸ். நீங்க சொன்னா சரி." காந்த மூடியை ஒட்டினார். கயிற்றை மணிக்கட்டில் மாட்டி, ஒரு தரம் இறுக்கிப் பார்த்துக்கொண்டார். நான் அதைக் கண்ணால் கண்டேன்.

முதல் வழியைப் புள்ளி இல்லாமல் கடந்தார். இரண்டாவது வழியில், ஓடை நடுவே, பாசி பிடித்த ஒரு சரிவுப் பாறை. முன் சில்லு ஏறியது, பின் சில்லு வழுக்கியது. வண்டி பின்பக்கமாக அவர் மேல் விழுந்தது. கயிறு இழுபட்டு மூடி கழன்றதையும் பார்த்தேன். எஞ்சின் அணையவில்லை. வேகம் கூட்டும் முறுக்குப் பிடி கல்லில் அழுந்தி, எஞ்சின் அலறியது. வண்டியைத் தள்ளுவதற்காக அவர் நீட்டிய இடது கை சங்கிலிக்குள் போனது.

நான்தான் முதலில் ஓடினேன். நிறுத்த வழி ஒன்றுதான் உண்டு என்று அங்கே நின்ற அத்தனை பேரிலும் எனக்கு மட்டுமே தெரியும். பிளக் மூடியை வெறுங்கையால் பிடுங்கினேன். மின்சாரம் தோள் வரை அடித்தது. எஞ்சின் நின்றது. இரண்டு விரல் போயிருந்தது, மோதிர விரலும் சின்ன விரலும்.

வேனில் ஏற்றும்போது யாரோ கையுறையோடு கயிற்றையும் சேர்த்து வெட்டி எறிந்தார்கள். நானா அவரோடு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். வண்டியை என்னிடம் விட்டுப் போனார்கள். எல்லோரும் மேலே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நாடாவுக்குள் கை விட்டு நான்காவது வயரை மாட்டினேன். 'டக்' என்றது. இவ்வளவு காலத்தில் எத்தனையோ வயர்களை மாட்டியிருக்கிறேன். ஒன்றின் சத்தம் மட்டுமே நினைவில் இருக்கிறது.

பிறகு ஏற்பாட்டாளர்கள் மூன்று பேர் வந்து வண்டியைச் சோதித்தார்கள். கைப்பிடி நேராக இருந்தது. பிளக் மூடியை மாட்டி எஞ்சினை ஓடவிட்டு, வேறொரு கயிற்றை மாட்டி இழுத்தார்கள். அணைந்தது. இரண்டு தரம் இழுத்தார்கள். இரண்டு தரமும் அணைந்தது. "சுவிட்ச் நல்லா வேலை செய்யுது. அப்ப சேர் கயிறு மாட்டல" என்றார் ஒருவர். "பாஸ், நீங்க பார்த்தீங்களா, மாட்டினாரா?" என்று என்னிடம் கேட்டார். "கவனிக்கல" என்றேன்.

சொந்தக் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள்.

அன்று மாலை ஆஸ்பத்திரி வாசலில் நானா என்னைக் கண்டதும், "திரும்பச் செல்லு" என்றார். நடைபாதையில், ஆட்கள் போய்வந்துகொண்டிருக்க, நான்கையும் மறுபடி ஒப்புவித்தேன். விரல் மடிக்காமல் கேட்டார். ஒரு வாரம் கழித்து அந்த வண்டி கராஜுக்கு வந்தபோது, கழுத்து வயரை அவரே மாற்றினார். நான் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். என் மேசை மேல் சாண் நீள வயர்த் துண்டு ஒன்று இருந்தது. நடுவில் தோல் தேய்ந்து செம்பு பளபளத்தது. அதன் பிறகு அவர் ஓய்வு பெறும் வரை என்னை ஒரு நாளும் ஒப்புவிக்கச் சொன்னதில்லை. "பாஸுக்குப் பெரிய இடம் கிடைச்சிட்டு, இனிப் பாடம் இல்ல" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தெரியும், அது பெரிய இடமல்ல. என் வாய்ச் சொல்லை இனிக் கேட்பதில்லை என்று அவர் தீர்மானித்துவிட்டார். அவர் மௌத்தானபோதும் சாவு வீட்டில் பின்வரிசைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

மோகன் சேரை ஆஸ்பத்திரியில் ஒரு தரம் பார்த்தேன். தோடம்பழம் வாங்கிப் போயிருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவி புவனா நின்றார். "மாட்டியிருந்தேன் பாஸ், நீங்களாவது சொல்லுங்க" என்றார் மோகன் சேர். "ஓய்வெடுங்க சேர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அவரைத் தவிர்த்தேன். வண்டிகளை மட்டும் திருத்தினேன். நன்றாகவே திருத்தினேன். அந்த நாளுக்குப் பிறகு என் கையால் ஒரு பிழையும் போகவில்லை. யாரும் அறியாத ஒன்றுக்கு அபராதம் கட்டுபவன் போல வேலை செய்தேன்.

போன வருடம், ஓய்வில் இருந்த என்னைக் கராஜ்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடுல்கெல்லவுக்குக் கூட்டிப்போனார்கள். தோட்டத்து மைதானத்துக்குப் பக்கத்தில் சிலர் ட்ரயல் பழகுகிறார்கள், வண்டிகளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பழக்குபவர் யாரென்று நான் கேட்கவில்லை. வேன் போய் நின்றதும் பார்த்தேன். தலை நரைத்த மோகன் சேர் இடது கையை உயர்த்திப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கையை நல்லாப் பாருங்க. ஏன் இப்புடி ஆச்சு? அன்னைக்கு நான் கயிறு மாட்டல. அவசரம், திமிரு. சுவிட்ச் நல்லாத்தான் இருந்துச்சு. நான் மாட்டல."

அவர் பொய் சொல்லவில்லை. அதை நம்பிச் சொன்னார். நான் வேனை விட்டு இறங்காமலே திரும்பிவிட்டேன், தலை சுற்றுகிறது என்று சொல்லி.

அடுத்த கிழமை கெலிஓயாவிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மடுல்கெல்லவுக்கு இன்னொன்று. அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, நான் இங்கே எழுதியதை ஒழுங்கு மாறாமல் சொன்னேன். முடித்ததும் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"மாட்டினது எனக்கு ஞாபகம் இருந்துச்சு பாஸ். முதல் ரெண்டு வருஷம் நல்லா இருந்துச்சு. அப்புறம் எல்லாரும் சொல்லச் சொல்ல, மாட்டாத மாதிரி வேற ஒரு ஞாபகம் வந்துருச்சு. அதுல நான் கயிறை சேர்ட் பாக்கெட்டுல வைக்கிறேன். கண்ணால பாக்குற மாதிரித் தெளிவாத் தெரியும். அது எங்கேருந்து வந்துச்சு?"

அவர் உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

"புவனா, கொஞ்சம் இங்க வா" என்று கூப்பிட்டார். புவனா தேநீரோடு வந்தார். "இன்னொரு தரம் சொல்லுங்க பாஸ். இவளுக்கும் கேட்கணும்."

சொன்னேன். புவனா நின்றபடியே கேட்டார்.

"எனக்காக ஒரு கயிறு மாட்ட முடியலையான்னு எத்தன வருஷம் இவரைக் கேட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழம் கொண்டாந்தது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"அப்பவும் தெரியும்?"

"தெரியும்."

கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார். அதைக் குடிப்பதா விடுவதா என்று தெரியாமல் இருந்தேன்.

"மன்னிக்கிறது பத்தி இப்ப என்கிட்ட கேட்காதீங்க பாஸ்" என்றார் மோகன் சேர். "எனக்கே தெரியல. ஆனா ஞாயித்துக்கிழமை வாங்க. நான் இத்தன நாளா அவங்களுக்குத் தப்பான பாடம் நடத்தியிருக்கேன். கணக்கு வாத்தியார் நான். பிழையான விடையப் பலகையில விட்டுட்டுப் போக ஏலாது. நீங்க வந்து அழிங்க."

போனேன். எட்டு வண்டிகள் நின்றன. புவனாவும் வந்து ஒரு ஓரமாக நின்றார். எட்டுப் பேர் முன்னால் மூன்றாவது தரமாகச் சொன்னேன். முதல் தரத்தைவிட அது சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பிறகு ஒருவர், தோட்டத்து மருந்தகத்தில் வேலை செய்பவர், கேட்டார்.

"அப்ப சேர், கயிறு மாட்டியும் பிரயோசனம் இல்லத்தானே?"

"மாட்டுறது பாதி வேல. ஒவ்வொரு தரமும் இழுத்துப் பாக்குறது மத்தப் பாதி" என்றார் மோகன் சேர். "அந்தப் பாதியை இத்தன நாளா நான் உங்களுக்குச் சொல்லித் தரல, ஏன்னா எனக்கே தெரியாது. எல்லாரும் ஸ்டார்ட் பண்ணுங்க. ஹேண்டில இடது பக்கம் முழுசாத் திருப்புங்க. நான் கையைக் கீழ போட்டதும் இழுங்க."

எட்டு எஞ்சினும் ஓடின. அவர் அந்தக் கையை உயர்த்தி, கீழே போட்டார். ஏழு அணைந்தன. ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வண்டியில் இருந்தவர் கழன்ற மூடியைக் கையில் வைத்துக்கொண்டு முகம் வெளுத்து நின்றார். கியர் போட்டு, பிரேக்கைப் பிடித்துக் கிளட்சைப் பட்டென்று விட்டு வண்டியை அணைத்தார். "அது ஓடும்போது நின்னு நின்னு தொல்ல குடுத்துச்சு சேர்" என்றார். "போன மாசம் நானே வயரைக் கழட்டி விட்டுட்டேன்."

யாரும் அவரைத் திட்டவில்லை. நான் என் பையைத் திறந்தேன். மோகன் சேர் எனக்கு முன்பே போய் அந்த வண்டியின் கைப்பிடியைப் பிடித்து, இடது பக்கம் முழுவதுமாகத் திருப்பினார்.

"நான் இப்புடியே புடிச்சிக்கிறேன்" என்றார். "நீங்க கழுத்தப் பாருங்க."

குனிந்தேன். இத்தனை வருடத்தில் அந்தக் கையை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. மூன்று விரலாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கைப்பிடி அசையவே இல்லை. அதன் கீழே விரலை விட்டு, வயர்க்கட்டை மெதுவாக உருட்டத் தொடங்கினேன்.